பொருள் ஏழு

பொருள் ஒன்று: சென்ற கூட்டக் குறிப்பு ஏற்கப்பட்டது.
பொருள் இரண்டு: இடுகாட்டுப் பாதைக்கு விளக்கு நான்கு.
மூன்று போதும் என்றார் லாவ் சியூ மெங்.
இறந்தவர்கள் ஓட்டுப் போடுவதில்லை என்று யாரோ சிரித்தார்.
அதை நான் எழுதவில்லை.

நான் கிராணி.
மலாயில் எழுதுவேன், கை தானாக ஓடும்.
தலைக்குள் தமிழ் தனியாக ஒரு குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கும்.
அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

மூன்று, நாய்கள்.
நான்கு, பாசார் மாலாம் கடைகளுக்கு ஓரடி தள்ளிக் கோடு.
ஐந்து, லோங்காங். ஒத்திவைக்கப்பட்டது.
புக்கிட் செராயில் லோங்காங் எப்போதும் ஒத்திவைக்கப்படும்;
மழை மட்டும் சொன்ன தேதிக்கு வந்துவிடும்.
ஆறின்போது பலகாரம் வந்தது.

ஏழுக்கு விளக்கை அணைத்தார்கள்.
சுவரில் எழுந்தது எங்கள் ஊரின் பெருமை:
ரவுண்டபவுட் நடுவே பன்னிரண்டடியில் ஒரு மங்கு.
பால்மரத்தால் வளர்ந்த ஊர் அல்லவா.
விளிம்பு வழிய வெள்ளைத் தண்ணீர், இரவில் நீல விளக்கு,
நாற்பத்தெட்டாயிரம் வெள்ளி.

மங்குக்குக் காது இருந்தது,
காப்பிக் கோப்பைக்கு இருப்பதுபோல், விரல் நுழைய வளைந்து.
வரைந்தவர் ஷா ஆலமில் இருக்கிறார்.
குணாளன் தொண்டையைச் செருமினார்:
மங்குக்கு ஏது காது, கம்பியில் அல்லவா உட்காரும்?
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
அந்த மேசையில் பால் வெட்டியவர் எவருமில்லை.
என் அம்மா வெட்டினாள், இருபத்தொரு வருடம்.
கிராணிக்குக் கூட்டத்தில் வாய் கிடையாது.
தலைவர் துவான் ஜுல்ஹைரி யோசித்துச் சொன்னார்:
காது அலங்காரத்துக்கு.
எழுதினேன். காது அலங்காரத்துக்கு. ஏற்கப்பட்டது.

மார்ச்சில் திறப்பு விழா. கொம்பாங் அடித்தார்கள்,
உறுமி வந்தது, சிங்க நடனத்துக்குத்தான் பணம் பற்றவில்லை.
பலகையில் 'பாரம்பரியச் சின்னம்'.
மறுநாளே ஊர் வேறு பெயர் வைத்தது.
காப்பிக் கோப்பையில் வலது பக்கம் திரும்பு, கிளினிக் தெரியும்.
பிள்ளைகள் காதில் ஏறிப் படம் பிடித்தார்கள்.
செம்பனை லாரிகள் சுற்றிச் சுற்றிப் போயின.
உதிர்ந்த குலை ஒன்று அதன் காலடியில் இரண்டு நாள் கிடந்தது,
தவறான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளியாக.

பம்ப்புக்கு உத்தரவாதம் தொண்ணூறு நாள்.
நின்றது தொண்ணூற்று நான்காம் நாள்.
பிறகு மழை பார்த்துக்கொண்டது.

செப்டம்பரில் எங்கள் சுகாதாரப் பிரிவு நோர் அஸ்லிண்டா
ஏணி வைத்து ஏறி, டார்ச் அடித்து, கரண்டியில் அள்ளி,
நெளிகிறவற்றை எண்ணி,
சட்டப்படி அபராதக் கடிதம் போட்டாள்.
இடத்தின் உரிமையாளர்: நகராண்மைக் கழகம்.
முகவரி: மேல்மாடி.
தட்டச்சு செய்தவள் நான்.
மாடியேறிக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்.
கிடைத்தது என்று முத்திரை குத்தியதும் நானேதான்.

அக்டோபர். பொருள் ஏழு, மங்கில் தேங்கிய நீர்.
மருந்து தெளிக்கலாம். மீன் விடலாம். கண்ணாடியால் மூடலாம்.
துணைக்குழு அமைக்கலாம்.
அமைத்தார்கள்.
அடைமழை என்றால் அம்மா மங்குகளைக் கவிழ்த்துவிட்டு வருவாள்;
அன்றைக்குச் சம்பளமும் கவிழ்ந்தது என்பாள்.
பன்னிரண்டடியை யார் கவிழ்ப்பது?

துணைக்குழு கூடுவதற்குள், ஒரு வெள்ளிக்கிழமை,
புல் வெட்டும் குத்தகை ஆள் ரஃபிகுல்,
பால்மரத்தைக் கிட்டத்தில் பார்த்தேயிராதவன்,
யாரிடமோ இரவல் வாங்கிய டிரில்லால்
அடியில் ஒரு துளை போட்டான். கட்டைவிரல் அளவு.
மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன்.
ஒரே கோடாய் இறங்கியது தண்ணீர்,
வெட்டிய பட்டையில் பால் இறங்கும் அதே நிதானத்தில்.
பெருமைச் சின்னம் அன்றைக்குத்தான் மங்குபோல ஏதோ செய்தது.

ஏன் செய்தாய் என்று பிறகு கேட்டேன்.
பான்யாக் கொசு, அக்கா, என்றான். கால் பூராவும் கடி.

பொதுச் சொத்துக்குச் சேதம் என்றால் ஒரு பாரம் உண்டு.
மூன்று பிரதி. என் இழுப்பறையில்தான் இருக்கிறது,
இன்னும் வெள்ளையாக.

டிசம்பர் குறிப்பு, என் கையால்:
பொருள் ஏழு: நீர் தேங்கவில்லை. முடிக்கப்பட்டது.
பொருள் எட்டு: லோங்காங்.